யாருடைய 'நான்'?
மலையகத்து முறைப்பாடும் நமது எழுத்தும்

மலையகச் சிறுகதைகளில் பொலிஸ்காரர் அடிக்கடி வருகிறார். ஜீப்பில் வந்து லயத்து வாசலில் இறங்குகிறார். சங்கத்து இளைஞனை ஏற்றிக்கொண்டு போகிறார். ஜீப் தேயிலைச் சரிவின் வளைவில் மறையும் இடத்தில் கதையும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? அவனுடைய தாய் மறுநாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனாளா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எந்த மொழியில் பேசினார்? அவள் சொன்னதை யார், எப்படி எழுதினார்? எழுதியதன் கீழ் அவள் கையொப்பமிட்டாளா, விரலடையாளம் வைத்தாளா? நான் வாசித்த அளவில் இந்தக் கேள்விகளுக்குள் புகுந்த மலையகக் கதைகள் மிகச் சில. மலையக நகரங்களின் கடைத் தெருக்களிலிருந்து எழுதவந்த முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நமது கதைகளில் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இக்கட்டுரை அந்த இல்லாமை பற்றியது. பொலிஸாருக்கு எதிரான பொதுமக்களின் முறைப்பாடுகளைச் சட்டத்தரணிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். மனித உரிமை அமைப்புகள் அறிக்கைகள் வெளியிட்டிருக்கின்றன. இலக்கியம் பயின்ற நாம் மட்டும் அதனை ஒரு பிரதியாக வாசித்ததில்லை. முறைப்பாடு என்பது எல்லாவற்றுக்கும் முன்னர் ஓர் எழுத்து. அதற்கு ஒரு கதைசொல்லி உண்டு. ஒரு மொழி உண்டு. சொன்னவையும் விடுபட்டவையும் உண்டு. தோட்டப்புறத்து முறைப்பாடு விசாரணையில் தோற்றுப்போகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் முன்னரே, அது எழுதப்படும் மேசையிலேயே தோற்றுவிடுகிறது என்பதுதான் என் வாதம். அப்படியாயின் அது எழுத்துத் தொழில் செய்யும் நமக்கும் உரிய விவகாரம்.

நமது பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலம் தன்மை ஒருமையில் எழுதப்படுகிறது. பெயர், வயது, தொழில், முகவரி. அதன்பின் 'நான்' என்று தொடங்கி நடந்தவை வரிசையாக வரும். முடிவில், வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன் என்ற வாய்பாடு. வடிவத்தில் இது ஒரு தன்வரலாற்றுக் குறிப்பு. ஆனால் அந்த 'நானை' எழுதுகிறவர் ஒரு கொன்ஸ்டபிள். முறைப்பாடு அவருடைய சக அலுவலருக்கு எதிரானதாக இருக்கலாம். அவருடைய மேலதிகாரிக்கு எதிரானதாகவும் இருக்கலாம். சொல்கிறவள் தமிழில் சொல்கிறாள். அவர் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதுகிறார். தன்வரலாறு, சாட்சிய இலக்கியம், விளிம்புநிலைக் குரல் என்று நாம் எவ்வளவோ பேசியாயிற்று. தான் வாசிக்க முடியாத மொழியில், தன் எதிர்த்தரப்பினர் எழுதிய, தன் பெயரிலான 'நானுக்கு' ஒரு கொழுந்து பறிக்கும் பெண் கையொப்பமிடுகிறாள். இதைவிடச் சிக்கலான கதைசொல்லி நவீன நாவலிலும் அரிது.

சட்டம் இந்தச் சிக்கலை அறியாததல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை நம்மவர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். வாய்மொழியாகத் தரப்படும் தகவலை அது தரப்பட்ட மொழியிலேயே எழுதி, தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. அந்த மொழியில் எழுத இயலாத அலுவலர், தகவல் தருபவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். தம்மால் இயலாது என அவர் சொன்னால் மாத்திரமே, காரணத்தைக் குறித்துவிட்டுத் தேசிய மொழிகளுள் ஒன்றில் எழுதலாம். அப்போதும் அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் அரச அலுவலருடன் கருமமாற்றும் உரிமையைத் தருகிறது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு தோட்டத் தொழிலாளி தமிழில் முறைப்பாடு செய்வது சலுகை அல்ல, உரிமை.

உரிமை ஏட்டில் இருக்கிறது. மேசையில் என்ன நடக்கிறது என்பதற்கு வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. அப்படியொரு பிரதியை நானே எழுதியிருக்கிறேன்.

1998ஆம் ஆண்டு. மலையக நகரொன்றில் வாப்பாவின் பலசரக்குக் கடை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கடையில் இருந்தேன். சிங்களம் நன்றாக எழுதுவேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தபோது லாச்சியில் 7,500 ரூபா குறைந்தது. கடையில் அப்போது இருந்தவன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த பதினாறு வயதுப் பையன். வாப்பாவுடன் நானும் பொலிஸுக்குப் போனேன். முறைப்பாட்டைச் சிங்களத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்களுக்குத் தேநீர் வந்தது. பையனை அன்று மாலையே கொண்டுபோனார்கள்.

பணம் திருட்டுப் போகவில்லை. கொழும்பிலிருந்து சரக்கு இறக்க வந்த லொறிக்காரருக்கு நானா எடுத்துக் கொடுத்துவிட்டு எங்களிடம் சொல்ல மறந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இது தெரியவந்தது. அதற்குள் பையனுக்கு நேர வேண்டியது நேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவனுடைய தாய் கடைக்கு வந்தாள். எங்களைத் திட்ட வரவில்லை. பொலிஸாருக்கு எதிராக மேலிடத்துக்குப் பெட்டிசன் எழுத வந்திருந்தாள். சிங்களம் எழுதத் தெரிந்தவர்களில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவள் சொன்னது இது:

"வெள்ளிக்கெழம கூட்டிட்டுப் போனாங்க. சனிக்கெழம நான் சோறு கொண்டு போனேன், கண்ணால பாத்தேன். சார்ஜன் ஐயா கன்னத்துல அறைஞ்சாரு. ரப்பர் குழாயால கால்ல அடிச்சாரு. பெரிய மொதலாளி வெளிய பெஞ்சில உக்காந்திருந்தாரு. புள்ளைக்கு இப்ப எடது காது கேக்கல."

நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: எனது மகன் விசாரணையின் பொருட்டு அழைத்துச் செல்லப்பட்ட சந்தர்ப்பத்தில் தாக்குதலுக்கு உள்ளாகியதாகவும், அதன் விளைவாகக் காதில் உபாதை ஏற்பட்டுள்ளதாகவும் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.

அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது. நான் எழுதிய முதற் பிரதி அதுதான் என்பதால் ஒரு விமர்சகனாக அதனை வாசித்துப் பார்க்கிறேன். அவள் வாக்கியங்களில் செய்தவர் இருந்தார். என் வாக்கியத்தில் தாக்குதல் தானாக நிகழ்ந்தது. அவள் சொன்னதில் கிழமை இருந்தது, இடம் இருந்தது, ரப்பர் குழாய் இருந்தது. நான் அவற்றையெல்லாம் 'சந்தர்ப்பம்', 'உபாதை' என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிட்டேன். அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். என் எழுத்தில் அவள் கேள்விப்பட்டதைத் தெரிவிப்பவளாக மாறிப்போனாள். இவையெல்லாம் அக்காலத்து மனு நடையின் பழக்கதோஷம் என்று சமாதானம் சொல்லலாம். ஒன்றுக்கு மட்டும் சமாதானம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என் வாப்பா. அவரை நான் வேண்டுமென்றே விட்டேன். அந்த முறைப்பாட்டுக்கு இருந்த ஒரே வெளிச் சாட்சி அவர்தான்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு அவளை விசாரணைக்கு அழைத்தார்கள், அதே பொலிஸ் நிலையத்துக்கு. விசாரித்த அதிகாரி வேறிடத்திலிருந்து வந்திருந்தார். மரியாதையாகவே பேசினார். கையில் என் கடிதம். யார் அடித்தது என்று அதில் இல்லை, எப்போது என்று இல்லை, யார் பார்த்தது என்று இல்லை. எதை வைத்து விசாரிப்பது? மொழிபெயர்க்கப் போனவனும் நானே. அந்தச் சார்ஜனும் அறையில்தான் நின்றார். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். தோட்டத்துப் பையன் ஒருவனைப் புலியென்று எழுதிவிட ஒரு வரி போதும் என்பது அவளுக்கும் தெரியும். வாப்பா வைத்தியச் செலவுக்கென்று 3,000 ரூபா கொடுத்தார். விடயம் இணக்கமாக முடிவுற்றது என்று எழுதப்பட்டது. அவள் கையொப்பமிட்டாள். படியிறங்கும்போது என்னிடம், "நீங்க எல்லாத்தையும் எழுதிட்டீங்கதான, சின்ன மொதலாளி?" என்று கேட்டாள். ஓமென்று சொன்னேன்.

இதனை என் பாவமன்னிப்புக்காக எழுதவில்லை. விசாரணைப் பொறிமுறை பற்றிய நமது பேச்சில் குறைவது இந்தத் தொடக்கப் புள்ளிதான் என்பதற்காக எழுதுகிறேன். பொறிமுறைகளின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. 2001இல் நிறைவேறிய 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியது. பொலிஸாருக்கு எதிரான பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்க ஒரு நடைமுறையை ஏற்படுத்தும் கடமையும் அதற்குத் தரப்பட்டது. ஆணைக்குழு 2002இல் வேலை தொடங்கிற்று. அந்த நடைமுறை விதிகள் வர்த்தமானியில் வந்ததோ 2007இல். 2010இல் 18ஆவது திருத்தம் நியமனம், ஒழுக்காற்று அதிகாரங்களைப் பறித்துவிட்டு முறைப்பாடுகளை மட்டும் ஆணைக்குழுவிடம் விட்டுவைத்தது. தண்டிக்க அதிகாரமில்லாத சபை முறைப்பாட்டைக் கேட்டு என்ன செய்வது? 2015இல் 19ஆவது திருத்தம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20ஆவது மீண்டும் பறித்தது. 2022இல் 21ஆவது மறுபடி கொடுத்தது. இருபது ஆண்டுகளில் ஐந்து திருத்தங்கள். சாதாரண பொதுமகனுக்கு எந்தத் திருத்தத்தின் கீழ் யாரிடம் போவதென்று தெரியாமற்போனதில் வியப்பில்லை.

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு தாக்கல் செய்யலாம். கால எல்லை ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. சித்திரவதைக்கு எதிராக 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; ஆகக் குறைந்த தண்டனையே ஏழு வருடச் சிறை. வழிகள் இல்லாமல் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் அந்த முதல் எழுத்து கூடவே வருகிறது. ஆணைக்குழுவுக்குப் போகும் முறைப்பாடு பெரும்பாலும் ஏதோவொரு கட்டத்தில் பொலிஸ் மேலதிகாரியின் அறிக்கைக்காகத் திரும்பி வருகிறது. அந்த அறிக்கை நிலையத்துப் புத்தகங்களைப் பார்த்து எழுதப்படுகிறது. சட்ட வைத்திய அதிகாரியிடம் காயத்தைக் காட்டுவதற்கான படிவமும் வழமையாகப் பொலிஸின் கையிலிருந்தே வர வேண்டும். புத்தகத்தில் இல்லாத அடி எங்கும் இல்லாத அடியாகிவிடுகிறது. பொலிஸ்மீது ஒரு சமூகத்துக்கு நம்பிக்கையே அற்றுப்போயிருந்த வட அயர்லாந்தில், 2000ஆம் ஆண்டில் பொலிஸ் முறைப்பாடுகளுக்கென்று தனி அலுவலகம் திறந்தார்கள். அதன் விசாரணையாளர்கள் பொலிஸுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். முறைப்பாட்டை எழுதுகிறவரும் விசாரிக்கிறவரும் வேறாக இருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அங்கு ஏற்றுக்கொண்டார்கள்.

நீதிமன்றம் உண்மையைக் கண்டறிந்து சொன்ன பிறகும் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டு உதாரணங்கள் உண்டு. வத்தளையில் 2002இல் பொலிஸாரின் சித்திரவதைக்கு ஆளான ஜெரால்ட் பெரேராவுக்கு 2003இல் உயர் நீதிமன்றம் பெருந்தொகை இழப்பீடு வழங்கிற்று. மேல் நீதிமன்றத்தில் சாட்சியளிக்க இருந்த நிலையில் 2004 நவம்பரில் அவர் சுடப்பட்டு இறந்தார். 2023 டிசம்பரில், மிரிஹான சம்பவம் தொடர்பான வழக்கில் தேசபந்து தென்னக்கோன் உட்பட்ட அதிகாரிகள் சித்திரவதைக்குப் பொறுப்பானவர்கள் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார். நீதிமன்ற இடைக்காலத் தடையும் பாராளுமன்ற விசாரணையும் கடந்து அவர் பதவி நீக்கப்பட்டது 2025 ஓகஸ்டில். கொழும்பைச் சுற்றிய வழக்குகளின் நிலை இது. லயத்திலிருந்து வந்து பஸ்ஸுக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் ஒருத்தியின் முறைப்பாட்டை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். மலையகத்தின் நினைவில் பொலிஸ் முதலில் துப்பாக்கியாகவே பதிந்திருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அதன் முன் வாதாடினார். 1977 மே மாதத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர் திரண்டபோது டெவன் தோட்டத்தைச் சேர்ந்த சிவனு லட்சுமணன் சுடப்பட்டார். இவ்விருவரும் தியாகிகளாக நினைவுகூரப்படுகிறார்கள், அது நியாயமே. ஆயினும் சூடு நிகழ்ந்த நாட்கள் சில. அறை விழுந்த நாட்களுக்குக் கணக்கில்லை. உயிர் போனால் ஆணைக்குழு. காது போனால் இணக்கம். நமது புனைகதையும் இந்தக் கணக்கையே பின்பற்றி, வீரமரணத்தை எழுதியது. காது கேளாதவன் மறுநாள் வேலைக்குப் போனதை எழுதவில்லை.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' தொழிற்சங்கம் கட்ட முனைந்தவன் இருப்பிடமே இல்லாமற்போவதை எழுதிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான ஒரு சமூகம், எந்த அலுவலகப் படியிலும் ஏன் தயங்கி நின்றது என்பதை அவரைப் படித்தால் விளங்கும். அந்தத் தயக்கத்தைச் சட்டத்திலிருந்து முற்றாகத் துடைக்க 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்' 2010இல் வந்தது. கொழும்பில் குடியேறிய மலையகத் தமிழன் ஒருவனின் கைதைக் கருவாகக் கொண்ட நாவல். மலையகத்தவனைச் சந்தேக நபராக நிறுத்திப் பார்த்த வகையில் அது முக்கியமானது. ஆனால் சந்தேக நபருக்கும் முறைப்பாட்டாளருக்கும் வேறுபாடு உண்டு. சந்தேக நபரை அதிகாரம் தேடி வருகிறது. முறைப்பாட்டாளர் அதிகாரத்தைத் தேடிப் போகிறார். அப்படித் துணிந்து தானாகவே படியேறிய ஒருத்தியை மையமாக வைத்து நமக்கு இன்னும் ஒரு நாவல் தேவைப்படுகிறது.

நம்மவர் எழுத்தில் இதற்கு இடமிருந்ததா? அல் அஸூமத் போன்ற ஓரிருவரை விட்டால், தோட்டம் நமது கதைகளில் கடைக்கு வெளியே மழையில் நிற்கும் ஒரு காட்சியாகவே இருந்திருக்கிறது. சம்பள நாளில் கடன் அடைக்க வருகிறவர்களை எழுதினோம். அவர்களுக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் நாமே என்பதை எழுதவில்லை. அவர்களுக்கு எதிராகவும் சில நேரம் நாமே எழுதினோம் என்பதை எழுதவே இல்லை.

இந்த மௌனம் இனி நமக்குக் கட்டுப்படியாகாது. ஏனெனில் அந்த மேசையின் முன் நாமும் நிறுத்தப்பட்டுவிட்டோம். 2018 மார்ச்சில் திகனையில் பள்ளிகளும் கடைகளும் எரிந்தபோது பொலிஸார் எங்கே நின்றார்கள் என்று கேட்டோம். 2019 மே மாதத்தில் ஹசலகையில் ஒரு முஸ்லிம் பெண் தன் உடையிலிருந்த கப்பல் சுக்கானின் படத்துக்காகக் கைதானார். அதனைத் தர்மச்சக்கரம் என்று வாசித்தவர் ஒரு பொலிஸ் அதிகாரி. அவர் இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அப்போதைய பொறுப்பதிகாரி தம் சொந்தப் பணத்திலிருந்து 30,000 ரூபா செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். 2020 மே மாதத்தில் கவிஞர் அஹ்னப் ஜஸீம் தமது 'நவரசம்' தொகுதியின் பொருட்டுக் கைதானார். தமிழ்க் கவிதைகள் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுத் தீவிரவாதமாக வாசிக்கப்பட்டன. புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவிக்க 2023 டிசம்பர் வரை சென்றது.

கவிதை விடயத்தில் நாம் சரியாகவே கொதித்தோம். பொலிஸாருக்குத் தமிழ் தெரியவில்லை, உருவகம் தெரியவில்லை, மொழிபெயர்ப்பு பிழை என்று இலக்கிய நியாயங்களை முன்வைத்தோம். அதே நியாயங்கள் தோட்டப் பெண்ணின் வாக்குமூலத்துக்கும் அப்படியே பொருந்தும். அவளுடைய தமிழும் பிழையாகப் பெயர்க்கப்படுகிறது. அவளுடைய சொற்களும் அவளுக்கு எதிராக வாசிக்கப்படுகின்றன. கவிஞனின் பிரதிக்கு நாம் தந்த கவனத்தை அவளுடைய பிரதிக்கும் தராவிட்டால், நமது கொதிப்பு இலக்கியத்துக்காக எழுந்ததா, இனத்துக்காக மட்டும் எழுந்ததா என்ற கேள்வி எழும்.

இன்னொரு மரணத்தையும் நினைவூட்ட வேண்டும். 2023 மே மாதத்தில், கொழும்பில் வீட்டு வேலை செய்துவந்த பதுளைப் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய், வெலிக்கடைப் பொலிஸாரின் காவலில் இருந்த நிலையில் இறந்தார். தொடக்கம், நகை காணாமற்போனதாக எசமானர் தரப்பு செய்த முறைப்பாடு. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரே நிலையத்தில் இரண்டு விதமான முறைப்பாடுகள் எழுதப்படுகின்றன. உடையவரின் முறைப்பாடு பத்து நிமிடத்தில், நல்ல மொழியில், தேநீருடன் எழுதப்பட்டு அன்று மாலையே ஆளைத் தூக்கிவருகிறது. அந்தத் தூக்கிவரப்பட்டவரின் முறைப்பாடு மாதக்கணக்கில் அலைகிறது. முதலாவது வகையை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. வாப்பா கெட்ட மனிதர் அல்லர். அந்தப் பையனை அடிக்கச் சொல்லவும் இல்லை. முறைப்பாடு கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மலையக நகரத்து முஸ்லிம் கதை என்று ஒன்று எழுதப்படுமானால், அந்தப் பெஞ்சிலிருந்து அது தொடங்கட்டும்.

இலக்கியக்காரரிடம் இலக்கியம் மட்டுமே கேட்டு முடிக்க எனக்கு மனமில்லை. நம்மில் பலர் ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கடை வைத்திருப்பவர்கள். இரு மொழியும் எழுதத் தெரிந்தவர்கள். 109ஆம் பிரிவு, முறைப்பாட்டாளர் தாமே எழுதித் தருவதற்கும் இடம் வைத்திருக்கிறது. நிலையத்துக்குப் போகுமுன்னர் ஒரு தாளில், தமிழில், அவள் சொன்னது சொன்னபடியே எழுதப்படட்டும். யார், எந்தக் கிழமை, எந்த இடத்தில், எதனால், யார் பார்க்க. 'அடிச்சாரு' என்றால் 'அடித்தார்' என்றே இருக்கட்டும். 'தாக்குதலுக்கு உள்ளாகியதாக' வேண்டாம். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பிரதி அவள் கையில் இருக்க வேண்டும். நிலையத்தில் எழுதப்படுவது வேறாகிப் போனாலும், ஆணைக்குழுவிலோ நீதிமன்றத்திலோ ஒப்பிட்டுப் பார்க்க அவளுடைய 'நான்' ஒன்று தனியே இருக்கும். இதற்குப் பெரிய இலக்கியத் திறமை தேவையில்லை. சொன்னவரின் வாக்கியத்தை மாற்றாமல் எழுதும் நேர்மை போதும். அது எவ்வளவு கடினமானது என்று எனக்குத் தெரியும்.

வாப்பா 2009இல் மௌத்தானார். கடையை நானா நடத்துகிறார். அந்தத் தாய் இப்போது இல்லை. மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்வதாகவும், இடது பக்கம் நின்று பேசினால் திரும்பிக் கேட்பதாகவும் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டேனா என்று அன்று அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். விடுபட்ட அந்த ஒரு வரியை, இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் பிந்தி, இங்கே எழுதியிருக்கிறேன்.